சூடம் ஏறிய சாக்லேட்

பஸ் கவிழ்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். அவன் கொண்டுவந்த சாக்லேட் டப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பஸ்ஸைச் சொல்லாமல் டப்பாவைச் சொல்ல முடியாது.

விராலிமலையில் சாமி கும்பிட்டுவிட்டு நானும் மகளும் கீரனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பதினாறு வயது, பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டிய வருஷம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கண்மாய்க் கரை வளைவில் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கும்போது கரை இளகி, பஸ் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துவிட்டது. விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மெதுவாகத்தான் படுத்தது. கூடை, குடம், யாரோ கொண்டுவந்த கோழி எல்லாம் என் மேல் வந்து விழுந்தன. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மகளுக்குப் பின்மண்டை ஜன்னல் கம்பியில் இடித்தது. ரத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கண் சொருகிக் கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "செருப்பக் காணோம்" என்றாள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ரயிலில் வீடு திரும்பினோம். எலும்பு உடையவில்லை. பார்வை சரி, காது சரி, நடை சரி, பேச்சு சரி. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

எனக்கு அந்த வார்த்தையை நம்ப முடியவில்லை. என் மகள் முழுசாகத் திரும்பி வந்தாளா, அந்தக் கண்மாய்க் கரையில் ஏதாவது கொஞ்சம் விட்டுவிட்டு வந்தாளா என்பதுதான் எனக்கு எந்நேரமும் இருந்த கேள்வி. அவள் படிக்கும்போது பின்னால் போய் நிற்பேன். தூங்கும்போது மூச்சைப் பார்ப்பேன். மாடிப்படி ஏறக் கூடாது, கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது என்றேன். அடுப்படிக்குள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டேன். தலை சுற்றி அடுப்பில் விழுந்துவிட்டால்?

"ஒண்ணுமில்லம்மா" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்ட தடவையெல்லாம் சொன்னாள்.

சாப்பாடு மட்டும் குறைந்திருந்தது. குழம்பை ஒதுக்கிவிட்டு, மோரும் ஊறுகாயும் போதும் என்பாள். ஊறுகாய் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கேட்பாள். உடம்பு தேறவில்லை, நாக்கு கசக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், வீட்டுக்கு வந்து சமைத்தேன், துவைத்தேன். எல்லாம் நடந்தது. ஆனால் பஞ்சு வைத்துக் கட்டிய விரலால் தொடுவது மாதிரிதான் எல்லாமே இருந்தது. திருச்சி ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் மட்டும் கையில் இருப்பது கீழே விழும். சாக்பீஸ் விழும், கரண்டி விழும். பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள்.

என் தம்பி வேலை பார்ப்பது ஒரு மளிகைக் கிடங்கில். வெள்ளைக்காரர்கள் தங்குகிற பெரிய ஓட்டல்களுக்கு ஜாம், பிஸ்கட், பாலாடைக்கட்டி, சாக்லேட் எல்லாம் அங்கிருந்துதான் போகுமாம். சாக்லேட் கப்பலில் வந்து இறங்கும்போது, வெக்கையில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பெட்டிக்கு ஒன்று தின்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு. "தின்னுறதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு நம்ம வம்சத்துல நான் ஒருத்தன்தான்க்கா" என்பான். ஐரோப்பாவில் எந்த நாட்டுச் சாக்லேட் எப்படி இருக்கும் என்று அவனைக் கேட்டால், நம்மூரில் எந்த ஊர் வெல்லம் எப்படி இருக்கும் என்று சொல்வதுபோலச் சொல்வான். அவன் கொண்டுவருவது கடைத்தெருவில் கிடைக்கிற மிட்டாய் இல்லை. ஒரு துண்டு விலைக்கு இங்கே நெய் வாங்கிவிடலாம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

இதற்கு முந்தின லீவில் அவன் வந்தபோது மகளுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. ஒரு சாயங்காலம் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தான். சாக்லேட்டுகளைப் பாக்குவெட்டியால் சின்னச் சின்னதாக நறுக்கித் தட்டில் வைத்தான். கடித்துக் கொடுத்தால் எச்சில் ஆகிவிடும், கத்தியால் வெட்டினால் உதிர்ந்துவிடும், அதனால் பாக்குவெட்டி. கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு எது எது என்று சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் "இனிப்பா இருக்கு" என்றார். எனக்குக் கறுப்புச் சாக்லேட்டின் கசப்பு மட்டும் தெரிந்தது. மகள் எல்லாவற்றையும் சொன்னாள். இதில் ஆரஞ்சுத் தோல் இருக்கிறது, இதில் கொட்டை அரைத்துப் போட்டிருக்கிறது, இது காப்பி, இது வெறும் பால், இதில் என்னவோ புகை மாதிரி இருக்கிறது என்றாள். என் தம்பி துள்ளிக் குதித்தான்.

"கிடங்குல எங்க தொரைக்கே அந்தப் பொகை தெரியாதுடி!"

"நான் நல்லா ருசி பாக்குறேன்ல மாமா?"

"ருசி எங்க பாத்த? மோந்துல்ல பாத்த. இரு காட்டுறேன்." அவள் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டான். "இப்பச் சொல்லு."

அவள் மென்றாள். முகம் மாறியது. "இனிப்பா இருக்கு. கொழகொழன்னு இருக்கு. வேற ஒண்ணும் தெரியல மாமா."

மூக்கை விட்டான். "காப்பி!" என்று கத்தினாள். அப்புறம் அன்று முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு வெங்காயம், புளி, கொய்யாப்பழம் என்று கண்டதையும் தின்று பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தடவை தம்பி வந்தது தை மாதம். நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். மருமகளின் தலையைத் தடவிப் பார்த்தான். "ஓட்டை ஒடிசல் ஒண்ணும் இல்லையே?" என்றான். அவள், "பஸ்ஸுக்குத்தான் மாமா ஓட்டை" என்றாள். அவன் சிரித்தான். எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை.

டப்பாவை எடுத்து வைத்தான். சதுரமான பெரிய தகர டப்பா. உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய தாள் போட்டு வைத்திருந்தது. பெல்ஜியம் ஒரு அடுக்கு, சுவிஸ் ஒரு அடுக்கு, கீழே இங்கிலீஷ்காரர்களுடையது. நல்ல வெக்கை ஏறுவதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்றே மார்கழியில் கப்பல் ஏறினானாம்.

"ஏன் மாப்ளே, இதுல முட்டை கிட்டை இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்ல அத்தான்."

"சாராயம் ஊத்தி ஒரு தினுசு பண்றான்னு போன தடவை சொன்னியே?"

"அது தனி டப்பா அத்தான். அதைக் கப்பல்லயே முடிச்சிட்டேன்."

என் வீட்டுக்காரர் ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தா. சைவப் பழம். புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும், அரிசி மூட்டையானாலும் காலண்டரானாலும், முதலில் சாமி முன்னால் இருந்துவிட்டுத்தான் வெளியே வரும். தம்பி மறுநாளே மாமனார் வீட்டைப் பார்க்கக் கந்தர்வக்கோட்டைக்குக் கிளம்பினான். "நான் வந்த பெறகு பிரிங்க. பந்தயம் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பூஜை அலமாரிக்குள் போயிற்று. குளிர்ச்சியான இடம், எறும்பு வராது, சாமி பக்கத்தில். என் வீட்டுக்காரர்தான் வைத்துக் கதவை மூடினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த அலமாரியில் சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் இருக்கும். மாதம் முழுவதற்குமான சூடக் கட்டிகளைக் காகிதப் பொட்டலத்தில் வைத்திருப்பார். அந்தப் பொட்டலத்தை டப்பாவின் மேலேயே வைத்தார். இடம் அங்கேதான் இருந்தது.

தம்பி கந்தர்வக்கோட்டையிலிருந்து முந்திரிப்பருப்பு மூட்டையோடு திரும்பி வந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர் வந்திருந்தார். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். பூசை முடித்துவிட்டு வரும் வழியில் மகளைப் பார்க்க வந்தவரைத் தம்பி பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

"டீச்சர், ஒங்க கிறிஸ்மஸ் கேக்கெல்லாம் இதுக்கு முன்னால நிக்காதுங்க."

"அதையும் பாத்துருவோம் தம்பி. எங்க பெரியப்பா கொழும்புலேர்ந்து கொண்டாந்த கேக்கு சாப்பிட்ட நாக்கு இது."

டப்பாவைத் திறந்தான். சாக்லேட்டின் மேல் லேசாக வெள்ளை படர்ந்திருந்தது. டீச்சர் எட்டிப் பார்த்தார். "பூசணம் பூத்துருச்சேங்க?"

"பூசணம் இல்லைங்க. வெக்கை பட்டா அதுல உள்ள நெய் மேல வந்து வெளுக்கும். ருசிக்கு ஒண்ணும் ஆவாது" என்றான். அவனுக்கு அன்று ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் நறுக்கினான். அதனால் டப்பாவிலிருந்து வந்த வாடையை அவன் கவனிக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளி வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"பட்டத்து ராணி மொதல்ல" என்று மகள் கையில் ஒரு துண்டைக் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் போட்டு, அவன் முன்பு சொன்ன மாதிரியே கடிக்காமல் நாக்கில் கரைய விட்டாள். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

"நல்லா இருக்கு மாமா" என்றாள். "பழைய மாதிரியே இருக்கு."

"எதுன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பால்."

"போடி. ஆரஞ்சு! சரி, அடுத்தது." இன்னொரு துண்டு கொடுத்தான். அவள் அதையும் கரைத்தாள். "இதுவும் நல்லா இருக்கு. இது... ஆரஞ்சு."

"இது காப்பி. என்னடி, மாமன் இல்லாத நேரத்துல எல்லாத்தையும் மறந்துட்டியா?" என்று சொல்லிக்கொண்டே தட்டை எல்லாருக்கும் நீட்டினான்.

டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் முந்தானையில் துப்பினார். "ஏசுவே! தம்பி, இது சாக்லேட்டா, தேள்கடித் தைலமா?"

என் வீட்டுக்காரர் மென்று, விழுங்க முடியாமல் எழுந்து வாசலுக்குப் போனார். தம்பி ஒன்றைத் தின்றுவிட்டு முழித்தான். ஜலதோஷம் பிடித்த மூக்குக்கே எட்டிவிட்டது. டப்பாவை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "சூடம்! அத்தான், இதை எங்க வச்சிருந்தீங்க?"

"சாமிகிட்டதான்."

"சாக்லேட்டு பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கும் அத்தான். கிடங்குல சோப்புப் பெட்டியக்கூடப் பக்கத்துல அண்ட விட மாட்டான். பெல்ஜியத்துலேர்ந்து இம்புட்டுத் தூரம் பத்திரமா வந்தத, கடைசில தீபாராதனை காட்டியில்ல வச்சிருக்கீங்க!"

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் சாப்பிடணும் போல" என்றார். தம்பியும் சிரித்தான். மகள் பக்கம் திரும்பி, "அடி கள்ளி, மாமன் மனசு நோகக் கூடாதுன்னா நல்லா இருக்குன்ன? சூடத்தைத் தின்னுட்டு முகத்தைச் சுளிக்காம எப்படிடி உக்காந்திருந்த?" என்றான்.

அவள் கண்ணை இன்னும் திறக்கவில்லை. உதட்டில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன நடந்தது என்பதைக் காதால் மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். பெருங்காய டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். கட்டிப் பெருங்காயம். திறந்தால் தெருவுக்கே தெரியும். கூடத்துக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்து, அதை அவள் மூக்குக்குக் கீழே பிடித்தேன். டீச்சரின் சிரிப்பு நின்றது.

என் மகள் அசையவில்லை. மூச்சு விட்டாள், இழுத்தாள். "அடுத்தது எங்க மாமா?" என்று கையை நீட்டினாள்.

நீட்டிய கை பெருங்காய டப்பாவில் பட்டது. கண்ணைத் திறந்தாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்துடி?" என்றேன்.

"அன்னைலேர்ந்துதான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீதான் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தியே. ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் நீ ரெண்டு வாய் சோறு தின்ன."

நான் டப்பாவை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பி மூடினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது என்று மட்டும் தோன்றியது. நான் கேட்டது சரியான கேள்விதான். அதில் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து வந்து நடந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றார். "சாமிதான் காட்டிக் கொடுத்திருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

"அதுக்குச் சாமி அந்தப் பஸ்ஸையே நிறுத்தியிருக்கலாமே அத்தான்" என்றான் தம்பி.

அந்த வாரமே திருச்சிக்குப் போனோம். தம்பியும் கூட வந்தான். விபத்துக்குப் பிறகு மகளோடு நான் ஏறிய முதல் பஸ் அது. வழி முழுக்க அவள் பின்மண்டைக்கும் கம்பிக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு வந்தேன். ஊரைத் தாண்டும்போதே மணிக்கட்டு மரத்துவிட்டது. எடுக்கவில்லை.

டாக்டர் கொஞ்சம் வயதானவர். மேசை மேல் சின்னச் சின்ன சீசாக்களை வைத்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினார். கிராம்புத் தைலம், காப்பித்தூள், மண்ணெண்ணெய். "தெரியல", "தெரியல", "தெரியல சார்." ஒரு சீசாவைக் காட்டியதும் அவள் தலை வெடுக்கென்று பின்னால் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். "அது நவச்சார ஆவி, அமோனியா. அது வாசனை இல்லை, எரிச்சல். மூக்கே இல்லாதவங்களுக்கும் எரியும்."

உட்கார்ந்தேன். அடி பட்டதில் மூக்கின் நரம்புகள் மேலே அறுந்திருக்கலாம் என்றார். சிலருக்கு ஒரு வருஷத்தில் கொஞ்சம் திரும்பும், பலருக்குத் திரும்பாது. மருந்து எதுவும் இல்லை. "நாக்கு நல்லாத்தான் இருக்கு. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் அஞ்சும் தெரியும். பழைய சோறு, திரிஞ்ச பால், அடுப்புப் புகை இதுலதான் ஜாக்கிரதையா இருக்கணும்." பிறகு அவளைப் பார்த்து, "கண்ணு போகலை, காது போகலை. மூக்குதானே. கூவம் பக்கத்துல வீடு கெடைச்சா நீ ராணி" என்றார். அவள் சிரித்தாள். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது.

தம்பி லீவு முடிந்து போவதற்குள் சாக்லேட்டுகளைக் காப்பாற்றப் பார்த்தான். காகிதத்தில் பரப்பி நிழலில் காற்றாட வைத்தான். தாளை மாற்றினான். சூட வாசம் போகவே இல்லை. கொட்டிவிடலாம் என்று அவன் சொன்னபோது மகள் டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுல இதத் திங்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். அம்புட்டும் எனக்குத்தான்."

"ஒனக்கு எல்லாம் ஒண்ணுதானேடி? வெல்லத்தைத் தின்னுட்டுப் போவியா."

"யாரு சொன்னா ஒண்ணுன்னு?" என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று சொன்னாள். சுவிஸ் நாக்கில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி வழிந்துவிடுகிறது. பெல்ஜியம் கடிக்கும்போது பட்டென்று உடைகிறது, அப்புறம் மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கிறது. இங்கிலீஷ்காரனுடையது கடைசியில் மண் மாதிரி நாக்கில் நிற்கிறது, இனிப்பும் தூக்கல். கறுப்பில் கசப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு வருகிறது. "அது போன தடவை எனக்குத் தெரியவே இல்லை மாமா. வாசம் மறைச்சிருச்சு போல."

தம்பி ஒரு கறுப்புத் துண்டை எடுத்து, தானே மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்று பார்த்தான். வெகு நேரம் மென்றான். "புளிக்கத்தான் செய்யுது" என்றான். எழுந்து கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான்.

அவன் போன பிறகு வீடு பழையபடி ஆயிற்று. இல்லை, பழையபடி ஆகவில்லை. முன்பு என்ன என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டில் போடும் எல்லாவற்றையும் முதலில் நான் மோந்து பார்த்தேன். பாலை மோந்தேன், தோசை மாவை மோந்தேன். அவள் துணி மடித்தால் அதையும் மோந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, "சமைக்க எப்படிக் கத்துக்குவா? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போறவ" என்றார். எங்கள் வீட்டில் அடுப்பில் இருப்பதை யாரும் நாக்கில் வைத்துப் பார்ப்பது கிடையாது. ஆக்கியதைச் சாமிக்குக் காட்டிய பிறகுதான் வாயில் படலாம். அதற்கு முன் ருசி பார்த்தால் எச்சில். உப்பு போட்டாயிற்றா, புளி பச்சை வாடை போயிற்றா என்பதெல்லாம் கொதிக்கிற வாசனையை வைத்துத்தான் சொல்வோம். நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் சமைக்கிறேன். மூக்கில்லாமல் அது முடியாது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. மகள் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த விடுமுறை நாள் காலையில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் அடுப்படியில் நின்றாள். புளி ஊற வைத்திருந்தாள்.

"நீ அங்கிட்டுப் போய் உக்காரு. இன்னைக்குக் கொழம்பு நான் வைக்கிறேன்."

"தீஞ்சா ஒனக்குத் தெரியாதுடி."

"கண்ணு இருக்குல்ல?"

"பொகை..."

"பொகை கண்ணைக் கரிக்கும்மா. டாக்டரே சொன்னாருல்ல, எரிச்சல் தெரியும்னு. நீ உள்ள வந்து நின்னின்னா நான் வைக்க மாட்டேன். சாகுற வரைக்கும் நீயேவா வந்து மோந்து குடுப்ப?"

கூடத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகை அடுப்படிக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அது எனக்கு அந்த மூன்று நான்கு மாதத்தில் செய்யக் கஷ்டமாக இருந்த முதல் காரியம். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. வெங்காயம் வதங்கும் சத்தம். நடுவில் அவள் அடுப்பிலிருந்து ஒரு கட்டையை வெளியே இழுக்கும் சத்தம். ரோட்டில் பஸ் போயிற்று, ஹாரன் அடித்தது. என் கையில் எதுவும் இல்லாததால் எதுவும் விழவில்லை.

என் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு பூஜைக்கு வந்தவர் அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். அவர் நின்ற விதத்தைப் பார்த்து நானும் எழுந்து போனேன். மகள் கரண்டியிலிருந்து கொஞ்சம் குழம்பை இடது உள்ளங்கையில் ஊற்றி நக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. முழுக்க நக்கிவிட்டு, வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, உப்பு ஜாடியில் கையை விட்டாள்.

அவர் முகம் சிவந்தது. அந்த அடுப்படியில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

"அப்பா," என்றாள் அவள், கையைக் கழுவிக்கொண்டே. "சாமிக்கு இன்னைக்கு வாழைப்பழம் வச்சுக் காட்டிருங்க. கொழம்பு நமக்கு மட்டும். சாமிக்கு எச்சில் ஆவாது, எனக்கும் சமைக்கத் தெரியும். சரியாப்பா?"

ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "பழம் எங்கடி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

இலை போட்டு அவளே பரிமாறினாள். என் வீட்டுக்காரர் ஒரு வாய் பிசைந்து போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் போட்டுக்கொண்டேன், தலையை ஆட்டினேன், சாப்பிட்டேன். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அவள் உட்கார்ந்து ஒரு வாய் தின்றாள். நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவை போட்டது கூடிப்போச்சு. ஒரே உப்பு. பேசாம திங்கிறீங்க?" என்றாள். "எனக்கு மூக்குதான் போச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் நாக்கே போச்சா?"

அவருக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்ததாலா, உப்பாலா என்று தெரியவில்லை. அவள் எழுந்து அவர் தலையில் தட்டி, தண்ணீரை நீட்டினாள். நான் இன்னொரு வாய் எடுத்து வைத்தேன். உப்புத்தான். வாயில் வைக்க முடியாத உப்பு.

"ஆமாடி," என்றேன். "கரிக்குது. மோரு ஊத்து."